அத்தானின் கடலுக்கு நான் ஊற்றிய தண்ணீர்

உப்பின் அளவறிந்த என் அன்பு அத்தானுக்கு,

நீங்கள் போய் மூன்று மாதமாகிறது. குருக்கள்மடத்து வீட்டில் எல்லாம் நீங்கள் விட்டுச் சென்றபடியே இருக்கிறது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இறந்தவர்களுக்கு எழுதுகிறவர்கள் அப்படித்தான் தொடங்குகிறார்கள். ஆனால் உங்கள் மீன் தொட்டியில் ஒன்று குறைகிறது. அந்தக் கோமாளி மீன் சோடியில் சின்னது செத்துவிட்டது. கொன்றது நான். அக்காவிடம், அதற்கு வயதாகிவிட்டது என்று சொன்னேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். உங்களுக்குத் தெரியாதது நிறைய இருக்கிறது. உங்கள் செத்தவீட்டுக்கு நீங்கள் வந்திருந்தும் எதையும் கவனிக்கும் நிலையில் இருக்கவில்லை.

ஒருவர் வீட்டில், திருத்தப் போன பிரிட்ஜுக்குப் பின்னால் குனிந்தபடியே உங்கள் நெஞ்சு நின்றுபோனது. அந்த வீட்டுக்காரர் மாலையோடு வந்து, கண்கலங்கி, என் கையைப் பிடித்துக்கொண்டு, பிரிட்ஜை இனி யார் பார்ப்பது என்று கேட்டார். குற்றம் சொல்லவில்லை. அவருக்கும் அன்று ஓர் இழப்புத்தான்.

உங்களைக் கொண்டு போனதும், சித்தாண்டியிலிருந்து வந்திருந்த உங்கள் மூத்த அக்கா வேலையைத் தொடங்கினார். குடம், வாளி, பானை, பிரிட்ஜில் இருந்த போத்தல், வீட்டில் நின்ற தண்ணீர் அத்தனையையும் முற்றத்தில் ஊற்றினார். சாவு விழுந்த வீட்டில் நின்ற தண்ணீர் துடக்கு, வைத்திருக்கக் கூடாது. கடைசியாக முன்னறைக்கு வந்து உங்கள் தொட்டியின் முன்னால் வாளியோடு நின்றார்.

"இதையும் ஊத்தோணும்."

"மச்சாள், அது மீன் தொட்டி," என்றேன்.

"மீன் நிண்டா என்ன மனே? தண்ணி தண்ணிதானே. மீன ஒரு சட்டிக்குள்ள எடுத்துப் போடு."

நான் பல புத்தகங்கள் படித்தவன். சட்டி தேடி அடுக்களைப் பக்கம் திரும்பினேன். அதுவரை சுவரோடு சாய்ந்திருந்த அக்காதான் பேசினாள்.

"அது வீட்டுத் தண்ணி இல்ல மச்சாள். கடல். கடலுக்கு ஏது துடக்கு?"

உங்கள் அக்கா யோசித்தார். பிறகு விரலைத் தொட்டிக்குள் விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்புத்தான்," என்றார். அப்படியே நிலத்தில் குந்தி அழத் தொடங்கினார். "வட்டைக்குள்ள, வயல் வரம்பில பிறந்தவன். அவனுக்கு என்னத்துக்குக் கடல்?"

 கடல் ஒருமுறை எங்கள் வீட்டுக்கு அழைப்பில்லாமல் வந்து, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனது. அந்த மார்கழிக்குப் பிறகு அக்கா கடற்கரைப் பக்கம் கால் வைத்ததில்லை. அப்படிப்பட்டவளின் முன்னறைக்குள், கேன் கேனாகக் கடலைச் சுமந்துவர உங்களுக்கு எப்படித் துணிவு வந்தது? அவள் எப்படி விட்டாள்? அப்போது அவளைக் கேட்டேன். "பெட்டிக்குள்ள அடங்கிக் கிடந்தாக் கிடக்கட்டும்," என்றாள். 

வாளியிலிருந்து தப்பிய தொட்டியை என் பொறுப்பில் எடுத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை. உங்கள் மகள் வெளிநாட்டில். கடலுக்குப் போய்த் தண்ணீர் அள்ள அக்கா மாட்டாள். நான் தன்னாமுனையில், மனைவியின் வீட்டில். எங்கள் ஊர் வழக்கப்படி கலியாணம் முடித்த ஆண்பிள்ளை பிறந்த வீட்டுக்கு விருந்தாளி. போய்வர ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. எனக்குத் தொட்டி கிடைத்தது.

நீங்கள் ஒரு குறிப்பும் எழுதி வைக்கவில்லை. "எழுதினா மறந்து போகும் மச்சான், செய்தாத்தான் கிடக்கும்," என்பீர்கள். ஆகவே நான் பட்டு அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன். உங்களுக்குத் தேவையில்லை. ஆனால் இதை ஓரமாக நின்று வாசிப்பவர்களில் எவர் வீட்டிலாவது ஒரு சிறு கடல் இருக்கலாம்.

முதலில் புகை. துக்கம் காக்கும் முப்பத்தொரு நாளும் உங்கள் படத்துக்கு முன்னால் சாம்பிராணி போட்டோம். படத்தை வைத்த இடம் தொட்டிக்குப் பக்கத்தில். அழுக்கை நுரையாக்கி வெளியே தள்ளும் குழாய் அறைக் காற்றையே இழுக்கிறது. சாம்பிராணியும் நுளம்புச் சுருளும் அதன் வழியே நேரே தண்ணீருக்குள் போகும். மூன்றாம் நாள், கோமாளி மீன்கள் குடியிருக்கும் கடற்சாமந்தி வாயைப் பொத்திக்கொண்டது. குழாயின் முனையை யன்னலுக்கு வெளியே இழுத்துக் கட்டினேன். அன்றிலிருந்து உங்களுக்கான புகை உங்களுக்கும், மீன்களுக்கான காற்று மீன்களுக்கும் போனது.

பிறகு கரண்ட். ஒரு நாள் மத்தியானம் போய் நான்கு மணித்தியாலம் வரவில்லை. பற்றரியில் ஓடும் காற்றுப் பம்பி எங்கே என்று எனக்குத் தெரியாது. குவளையால் தண்ணீரை அள்ளி ஒரு முழ உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றினால் காற்றுக் கலக்கும் என்று யாரோ சொன்னார்கள். நானும் அக்காவும் மாறி மாறி ஊற்றினோம். பழைய தண்ணீர்க் கூலர் ஒன்றைப் பிரித்து நீங்கள் செய்த குளிரூட்டியும் நின்றுவிட்டதால், ஐஸ் போட்டு இறுக மூடிய போத்தல்களைத் தொட்டிக்குள் மிதக்க விட்டோம். அன்றுதான் அவள் உங்கள் சாவுக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தாள். "உன்ட அத்தானுக்குக்கூட நான் இவ்வளவு விசிறினதில்ல."

உங்கள் பொருட்களில் தொட்டிக்கு ஆகாதது செம்பு. ஏசியின் செம்புக் குழாயில் பட்டுச் சொட்டும் தண்ணீர் மழைத்தண்ணீர்போலச் சுத்தமாகத் தெரியும். அதை ஊற்றினால் இறாலும் சாமந்தியும் சாகும். உங்கள் தொழிற்கூடத்தில் அது வாளி வாளியாக இருந்தும் நீங்கள் தொடவில்லை. கரையில் ஒதுங்கும் பவளத்தையும் நீங்கள் தொடவில்லை. உயிருள்ள கல்லைக் கடலிலிருந்து பெயர்ப்பது குற்றம், கரையில் கிடப்பதை எடுத்தாலும் பார்க்கிறவனுக்கு ஆசை வரும் என்பீர்கள். இடித்த பழைய மதிலிலிருந்து வந்த, செத்த பவளமான முருகைக் கல்லை ஒரு வருடம் ஊறவைத்துத்தான் அடுக்கினீர்கள். அந்த ஒரு வருடமும் நாங்கள் உங்களைப் பார்த்துச் சிரித்தோம். தொட்டி நிறையக் கல்லும் தண்ணீரும், மீன் இல்லை. "இன்னும் ஒள்ளுப்பம் பொறு மச்சான்," என்பீர்கள்.

இனி நான் செய்த பிழை.

கண்ணாடியில் அக்காவின் சிவப்பு நகப்பூச்சால் நீங்கள் ஒரு கோடு கீறியிருந்தீர்கள். தண்ணீர் அந்தக் கோட்டுக்குக் கீழே போகக் கூடாது. வயல்காரன் புத்தி, வரவைக்குள் நிற்கும் வயல் தண்ணீர்போல மட்டம் பார்ப்பீர்கள். எங்கள் வெயிலில் ஒரு நாளைக்கு ஒரு நூல் அளவு குறையும். குறைந்தது கடல் தண்ணீர், ஆகவே கடல் தண்ணீரை ஊற்ற வேண்டும் என்று முடிவு செய்தேன். இதைவிடச் சரியான முடிவு ஒன்றை என் வாழ்நாளில் நான் எடுத்ததாக நினைவில்லை.

ஒன்றுவிட்ட ஒரு நாள் தன்னாமுனையிலிருந்து மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு, பட்டணத்தைத் தாண்டி, ஊருக்கு வந்து, நேரே கடற்கரைக்குப் போய்க் கேனை நிரப்புவேன். மணல் மூடிய முகத்துவாரத்தை வெட்டினால் வாவித் தண்ணீர் கடலில் கலங்கலாய்ப் பரவும், மழைக்குப் பிறகு அள்ளக் கூடாது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெளிந்த தண்ணீராகப் பார்த்து இடுப்பளவுக்கு இறங்கி அள்ளினேன். நனைந்த காற்சட்டையோடு வந்து, பயபக்தியோடு, சிவப்புக் கோடு வரை ஊற்றினேன். தொட்டிக்குப் பக்கத்தில் கடையில் வாங்கிய வடிகட்டிய தண்ணீர்க் கேன் ஒன்று இருந்தது. வேலை முடிந்த களைப்பில் அதிலிருந்து நான் குடிப்பேன். நீங்களும் குடிப்பதற்குத்தான் வைத்திருந்தீர்கள் என்று நினைத்தேன்.

சில கிழமைகளில் சாமந்தி சுருங்கியது. சின்ன மீன் ஒரு மூலையில் நின்று மூச்சு வாங்கியது. பட்டணத்தில் அலங்கார மீன் விற்கும் கடைக்காரரிடம் போனேன்.

"குறையிற தண்ணிக்கு என்ன ஊத்துறீங்க?"

"கடல் தண்ணி. நல்ல தண்ணி. நானே இறங்கி அள்ளுறது," என்றேன், கொஞ்சம் பெருமையாக.

அவர் கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார். "ஐயா, வெயில் தண்ணிய மட்டும்தான் கொண்டு போகும். உப்ப அது என்னத்துக்குக் கொண்டு போகுது? உப்பு உள்ளுக்குத்தான் கிடக்கும். நீங்க அதுக்கு மேல உப்பு ஊத்துறீங்க."

உப்பளம் பார்க்காதவனா நான்? பாத்தியில் கடல் தண்ணீரை விட்டு வெயிலில் வைத்தால் என்ன மிஞ்சும் என்று சின்ன வகுப்பிலேயே பரீட்சை எழுதியவன். உள்நாட்டில் ஒருவன் தொட்டி வைத்தால் இந்தப் பிழையைச் செய்திருக்க மாட்டான். அவனுக்கு ஊற்றுவதற்குக் கடல் இல்லை. கடல் பக்கத்தில் இருந்ததால் நான் உங்கள் முன்னறையில் இரண்டு மாதம் ஓர் உப்பளம் நடத்தியிருக்கிறேன். குறைவதற்கு ஊற்ற வேண்டியது வடிகட்டிய நல்ல தண்ணீர். கடல் தண்ணீர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, பத்தில் ஒரு பங்கை மாற்றுவதற்கு மட்டும். நீங்கள் கேனோடு கடலுக்குப் போய் வந்தது அதற்குத்தான். நான் குடித்தது மீன்களின் தண்ணீரை.

உங்கள் மேசை லாச்சிக்குள் ஊசி வைத்த ஒரு கண்ணாடிப் பெட்டி கிடந்தது. பிரிட்ஜின் உறுப்பு என்று நினைத்திருந்தேன். அது உப்பு அளக்கும் கருவியாம். தண்ணீரை விட்டுப் பார்த்தேன். ஊசி பச்சை நிறத்தைத் தாண்டி, சிவப்பையும் தாண்டி, போகக்கூடிய எல்லைக்குப் போய் நின்றது.

"ஒரே நாளில சரியாக்க வெளிக்கிட்டுடாதீங்க," என்று கடைக்காரர் எச்சரித்தார். "கூடினது மெல்லக் கூடினது, குறையிறதும் மெல்லத்தான் குறையோணும்." ஒரு கிழமை அக்கா வீட்டிலேயே தங்கி, கோப்பை கோப்பையாக மாற்றினேன். மூன்றாம் நாள் காலை சின்னது பக்கவாட்டில் மிதந்தது. அக்கா அதை ஒரு தேத்தண்ணித் தட்டில் எடுத்துப் போய் செவ்வரத்தைச் செடியின் அடியில் புதைத்தாள்.

"என்ன வந்தது இதுக்கு?" என்று கேட்டாள்.

"வயசுதான்," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தட்டைக் கழுவப் போனாள்.

இந்த மீன்களில் பெரியது பெண், அதன் வீட்டில் அது வைத்ததுதான் சட்டம் என்று நீங்கள் வருகிறவர்களுக்கெல்லாம் விளக்குவீர்கள். "மட்டக்களப்பு மீன் பாருங்க. வீடு பொம்புளைக்கு, ஆம்பிளை வந்து ஒட்டிக்கொள்ளுறது," என்று அக்காவைப் பார்த்துக் கண்ணடிப்பீர்கள். இப்போது அந்தப் பெரியது சாமந்திக்குள் தனியாக நிற்கிறது. தின்கிறது. சின்னது நின்ற பக்கத்துக்குப் போவதில்லை.

கடைக்காரர் ஒரு வழி சொன்னார். சிறிய மீன் ஒன்றைக் கொண்டுபோய் விட்டால், பெரியது அதைப் புருசனாக ஏற்றுக்கொள்ளுமாம். அக்காவிடம் சொன்னேன்.

"அதுட விருப்பத்தக் கேட்டாச்சா?"

"மீன்ட விருப்பத்த எப்பிடியக்கா கேக்கிற?"

"அப்ப விடு. சின்னதுட முப்பத்தொண்டாவது முடியட்டும்."

போன கிழமை அந்த ஊசிப் பெட்டியை எடுத்து அவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். இந்த வடிகட்டிய தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், குடிக்கக் கூடாது என்று, ஏதோ நானே கண்டுபிடித்தவன் மாதிரி விளக்கினேன். அவள் சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தபடியே சொன்னாள்.

"தெரியும். விடிய எழும்பி அதத்தானே ஊத்துவார். தேத்தண்ணியோட நிண்டுகொண்டு, ரெண்டு கோப்பை. அந்தக் கோடு வரைக்கும்."

 "தெரியுமா? அப்ப நான் கடல் தண்ணிய ஊத்தேக்க ஏன் சொல்லல்ல?"

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. "சொன்னா நீ கேனக் காட்டித் தந்திட்டுப் போயிருப்பாய். குடிக்கிற தண்ணிய ஊத்த எனக்குத் தெரியாதா? கடல் தண்ணி எண்டாத்தானே நீ வரோணும்."

தொட்டியின் பம்பி ஓடிக்கொண்டிருந்தது.

"மீன் சாகும் எண்டு தெரியாது தம்பி," என்றாள். "தெரிஞ்சிருந்தாச் சொல்லியிருப்பன்." துடைத்த இடத்தையே இன்னொருமுறை துடைத்துவிட்டு, "சொல்லியிருப்பனோ தெரியாது," என்றாள்.

அந்த வயது பற்றிய பொய்யை அப்போது நான் ஒப்புக்கொண்டேன். அதுவும் தெரியும் என்றாள். அத்தான், உங்கள் மீனைக் கொன்றவன் நான் ஒருவன் என்று இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். எண்ணிக்கையைத் திருத்திக்கொள்ளுங்கள். எங்கள் இருவரில் யாரை நீங்கள் முதலில் மன்னிப்பீர்கள்? உங்களைத் தெரிந்தவரையில், முதலில் ஊசியைத்தான் பார்ப்பீர்கள்.

நேற்று நான் கேன் இல்லாமல் போனேன். காற்சட்டை காய்ந்திருந்தது. படலையில் நின்ற அக்கா மோட்டார் சைக்கிளின் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

"கேன் எங்க?"

"இல்ல. சும்மா வந்தன்."

"சும்மாவா?" என்றாள். பிறகு உள்ளே போய்த் தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தாள்.

ஊசி பச்சையில் நிற்கிறது. சாமந்தி பாதி விரிந்திருக்கிறது. காலையில் ரெண்டு கோப்பை ஊற்றுவது இனி அக்காவின் வேலை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை கடலுக்குள் இறங்குவது என் வேலை. மற்ற நாட்களில் ஒரு காரணமும் இல்லாமல் நான் அந்த வீட்டுக்குப் போவேன். தொட்டி இருந்தாலும் போவேன், ஒருநாள் அது வெறும் கண்ணாடியாகப் போனாலும் போவேன். இதை உங்களுக்கு வாக்காகத் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தண்ணீரைக் குடித்த மச்சான்,
அவளுடைய தம்பி.