மூன்றாம் நம்பருக்கு இரண்டு மார்க்

என் அன்புக்கும், போன வாரத்திலிருந்து என் பயத்துக்கும் உரிய உங்களுக்கு,

வணக்கம். இங்கே நான் நலம். வயிற்றில் இருப்பதும் நலம், உதைதான் கொஞ்சம் பலம். உங்கள் அம்மாவும் நலம். நீங்கள் நலமா என்று கேட்கத்தான் போன் மேல் போனாகப் போட்டேன். கடைசியில் உங்கள் உதவியாளர் எடுத்து, சார் மிஷின் பக்கத்தில் வேலையாக இருக்கிறார், அப்புறம் பேசுவார் என்றார். பின்னால் நீங்கள் இருமினது எனக்கு நன்றாகவே கேட்டது. இந்த வயதில் ஒளிந்து விளையாட்டா?

அதனால்தான் இதைக் கேமரா லென்ஸ் பெட்டிக்குள் வைத்து அனுப்புகிறேன். பெண்டாட்டி போனை எடுக்காத மனுஷன்கூட, சோதனைக்குப் போய்த் திரும்பி வந்த லென்ஸ் பெட்டியைத் திறக்காமல் இருக்க முடியாது. ரிப்போர்ட் அடியில் இருக்கிறது. தயவுசெய்து முதலில் இதைப் படியுங்கள்.

வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. சமையலறைக் குழாய் ஒழுகினதை அத்தையே ஆள் பிடித்துச் சரி செய்துவிட்டார். வந்தவன் வேலை முடித்த பிறகும் விடாமல், அதே குழாயைப் பத்துத் தடவை திறந்து மூடச் சொல்லிப் பார்த்தார். நீங்கள் யார் பிள்ளை என்று அன்றைக்கு எனக்கு முழுசாகப் புரிந்தது. என் கால் சாயங்காலத்தில் வீங்கிவிடுகிறது. ஆபீஸில் என்னோடு சோதனை பார்க்கிற சுருட்டைமுடிக்காரி, நம் சுருட்டை, எனக்காக ஒரு ஸ்டூலும் தலையணையும் போட்டு வைத்திருக்கிறாள். நான் சோதனைப் படங்களைப் பார்க்கும்போது காலை மேலே வைத்துக்கொண்டு மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

இனி அந்த விஷயத்துக்கு வருகிறேன். எவ்வளவு நேரம்தான் குழாயையும் காலையும் எழுதிக்கொண்டிருப்பது.

நான் உங்கள் லென்ஸுக்குப் பத்துக்கு இரண்டு மார்க் போட்டது தெரிந்த அன்று அத்தை என்னைச் சும்மா விடவில்லை. புருஷன் செய்த பொருளுக்கு ரெண்டு மார்க் கூடப் போட்டால் உன் கை தேய்ந்தா போய்விடும் என்று கேட்டார். நான் எங்கள் வேலையை முதலிலிருந்து விளக்கினேன். மேஜைக்கு இந்தப் பக்கம் ஒரு பொம்மைத் தலை, அதற்கு டோப்பா. பின்னால் கம்பி வலை, அதற்கும் பின்னால் சின்னச் சின்ன பல்புச் சரம். பொம்மையின் கண்ணுக்குக் குறி வைத்துப் படம் எடுத்தால் பின்னால் இருக்கிற பல்பெல்லாம் மங்கி, வட்ட வட்டமாகத் தெரியும். அந்த வட்டம் நடுவிலிருந்து ஓரம் வரை ஒரே சீராக, ஓரத்தில் பால் துளி மாதிரி மெதுவாகக் கரைய வேண்டும். ஓரம் கோடு போட்ட மாதிரி இருந்தால் அதற்கு நாங்கள் வைத்த பேர் வளையல். வட்டத்துக்குள் வட்டமாகத் தெரிந்தால் வெங்காயம். வலையின் ஒரு கம்பி இரண்டாகத் தெரிந்தால் இரட்டை. இதையெல்லாம் பார்த்துத்தான் மார்க்.

முழுசாகக் கேட்டுவிட்டு அத்தை, பின்னால் இருப்பது தெரியக் கூடாது என்றால் ஒரு துணியைத் தொங்கவிட வேண்டியதுதானே, இதற்கா என் பிள்ளை வீட்டை விட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறான் என்றார். இதற்குப் பதிலை நான் உங்களுக்கே விட்டுவிட்டேன். நீங்கள் லென்ஸ் கணக்குப் போட்டவர்தானே, வந்து நீங்களே சொல்லுங்கள்.

நடந்தது இதுதான். ஐந்து குழுக்களிலிருந்து ஐந்து லென்ஸ் வந்தன. யாருடையது எது என்று எங்களுக்குத் தெரியக் கூடாது என்பதால் பேரெல்லாம் கறுப்பு டேப்பால் மூடி, நம்பர் மட்டும் ஒட்டியிருந்தார்கள். ஒன்றாம் நம்பரில் எடுத்த படத்தைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அப்படி ஒரு மங்கல், வெண்ணெய் மாதிரி. இது என் வீட்டுக்காரர் கைவேலையேதான் என்று மனசுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன். ஒன்பது போட்டேன். அந்தப் பூரிப்பிலேயே மூன்றாம் நம்பருக்கு வந்தேன். வளையல், வெங்காயம், இரட்டை மூன்றும் ஒரே இடத்தில் கூடியிருந்தன. என் நாக்கில், இல்லை, பேனாவில் சனி. குறிப்பு எழுதுகிற இடத்தில், பொம்மை முகம் அமைதி, அதன் பின்னால் சாப்பாடு பற்றாத கல்யாண வீடு என்று எழுதி வைத்தேன்.

மேலாளர் அம்மா அதைப் போன் கூட்டத்தில் அப்படியே படிப்பார் என்று நான் கண்டேனா? போனில் ஐந்து குழுவும் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிப்பு அடங்கினதும் நீங்கள், மூன்றாம் நம்பர் என்னுடையது என்றீர்கள். பக்கத்தில் சுருட்டை ஐயையோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் நீங்கள், இது பாஸாகிற வரைக்கும் நான் இந்த ஆலையை விட்டு நகர மாட்டேன், லீவும் வேண்டாம் என்று மேலாளரிடம் சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். அந்த லீவு எதற்காகக் கேட்டிருந்தது என்று அந்தக் கூட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். எங்கள் பக்கம் இருந்தவர்களுக்கு என் வயிற்றைப் பார்த்தாலே தெரியுமே.

எழுதின வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்கிறேன். மனசாரக் கேட்கிறேன். ஆனால் மார்க்குக்குக் கேட்க மாட்டேன். உங்களுடையது என்று தெரிந்திருந்தாலும் அதே இரண்டுதான் விழுந்திருக்கும், கையெழுத்து மட்டும் நடுங்கியிருக்கும். காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சாக இருக்கலாம். காக்கையின் பெண்டாட்டி சோதனை அறையில் சம்பளம் வாங்குகிறாளே, என்ன செய்வது?

ஆனாலும் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நீங்கள் இவ்வளவு மோசமாகக் கணக்குப் போடுகிறவர் இல்லை. வெங்காயம் வரலாம், கண்ணாடி வார்க்கிற அச்சில் தேய்த்த கோடு இருந்தால் வரும், அது உங்கள் குற்றம் இல்லை. இந்த இரட்டை எங்கிருந்து வந்தது? மேலாளர் அம்மாவிடம் கெஞ்சி, ஐந்தையும் திரும்பச் சோதிக்கிறேன், ஒன்றை மட்டும் கேட்டால் நியாயம் இல்லை என்றேன். ஒத்துக்கொண்டார். மூன்றாம் நம்பரைக் கையில் எடுத்துத் துடைக்கும்போது முன்பக்க விளிம்பு கொஞ்சம் தடித்து இருந்த மாதிரி பட்டது. திருகினேன். கழன்று வந்தது.

என்னங்க, அதன் மேல் காப்புக் கண்ணாடி போட்டு அனுப்பினது நீங்கள்தானே? வேறு யார்! டிவி ரிமோட்டைப் பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிற மனுஷன், புது சோபாவின் மேல் உறையை ஒரு வருஷம் பிரிக்க விடாத மனுஷன். லென்ஸில் கீறல் விழுந்துவிடும் என்று கடையில் கிடைத்த ஒரு கண்ணாடியைத் திருகி அனுப்பியிருக்கிறீர்கள். ஐந்து பேரில் உங்களுக்கு மட்டும்தான் அந்த யோசனை. அந்தக் கண்ணாடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன், அலை அலையாக இருக்கிறது. முகத்தில் அது தெரியாது. பின்னால் மங்குகிற இடத்தில்தான் மானத்தை வாங்கும். அது உங்களுக்கே தெரியும், அவசரத்தில் மறந்திருக்கிறீர்கள். கழற்றாமல் சோதித்தது எங்கள் தப்பும்தான். மேலாளர் அம்மாவே அதை ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லிவிட்டார்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு எடுத்த படத்தைச் சுருட்டையிடம்தான் முதலில் காட்டினேன். எந்த நம்பர் என்று சொல்லாமல் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, இது நல்லா இருக்கே என்றாள். எனக்கு அங்கேயே ஆடணும் போல இருந்தது, வயிறு விடவில்லை. இரட்டை போய்விட்டது, வளையலும் போய்விட்டது. வெங்காயம் மட்டும் இருக்கிறது. அதனால் இப்போது ஆறு மார்க். சுருட்டையும் தனியாகப் பார்த்து ஆறுதான் போட்டாள். பாஸாக எட்டு வேண்டும். ஒன்றாம் நம்பருக்கு மறுபடியும் ஒன்பதே வந்தது, அது யாருடையது என்று நான் எழுத மாட்டேன், உங்களுக்கு வயிறு எரியும்.

அத்தைக்கு ஆறு என்று சொன்னதும் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிக் கோபம் இப்போது உங்கள் மேல் திரும்பியிருக்கிறது. சின்ன வயதிலேயே மார்க் குறைந்தால் சாப்பிட மாட்டான், தட்டைத் தள்ளிவிட்டு மூலையில் போய் உட்காருவான், யாரும் கூப்பிடக் கூடாது, நாமே போய்க் கையைப் பிடித்து இழுத்து வரணும் என்றார். என்னால் இந்த நிலையில் பஸ் ஏறி வந்து உங்கள் கையைப் பிடித்து இழுக்க முடியாது. அதனால் இந்தக் கடிதத்தையே அந்தக் கையாக நினைத்துக்கொள்ளுங்கள்.

அச்சைப் புதிதாகத் தேய்த்து, கண்ணாடி வார்த்து, ஆறவிட்டு எடுக்க இரண்டு மாதமாவது ஆகும் என்று மேலாளர் அம்மா சொல்கிறார். ஆகட்டும் என்றும் அவரே சொன்னார், அவருக்கு இந்த லென்ஸ் பிடித்துப்போய்விட்டது. ஆனால் டாக்டரம்மா பிரசவம் அடுத்த மாதக் கடைசி என்கிறார், அதற்கு முன்னாலும் ஆகலாமாம். அச்சு உங்களுக்காகக் காத்திருக்கும். இது யாருக்காகவும் காத்திருக்காது.

இதே டாக்டரம்மாவிடம் சும்மா பேச்சுவாக்கில், குழந்தைக்குப் பிறந்ததும் கண் தெரியுமா என்று கேட்டேன். தெரியும், ஆனால் ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றரை சாண் தூரம்தான் என்றார். தூக்கி வைத்திருக்கிறவர் முகம் கொஞ்சம் தெரியுமாம். அதற்கு அப்பால் இருக்கிற கட்டில், ஜன்னல், விளக்கு, நிற்கிற மனுஷர்கள் எல்லாம் வெறும் மங்கல்தானாம். அங்கே எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அழுகை வந்துவிட்டது. அத்தை பயந்துபோய்த் தண்ணீர் எடுத்து வந்தார்.

போனில் படம் அனுப்பு, பார்த்துக்கொள்கிறேன் என்று நீங்கள் சொல்வீர்கள். நீங்கள் பார்ப்பீர்கள். அது உங்களைப் பார்க்காதே. உங்கள் வேலைக்கு நான் ஒரு மார்க்கும் கூட்டிப் போடப் போவதில்லை. நீங்களும் அச்சை அவசரமாகத் தேய்க்க வேண்டாம், ஆற அமரச் செய்யுங்கள். நான்தான் மறுபடியும் சோதிப்பேன், அன்றைக்கும் கண்டிப்பாகத்தான் இருப்பேன். நடுவில் ஒரு பத்து நாள் மட்டும் அந்தச் சபதத்தை ஆலையிலேயே பூட்டி வைத்துவிட்டுக் கிளம்பி வாருங்கள். வந்து குழந்தையைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு சாணுக்குள் உங்கள் முகம் இருக்கட்டும்.

உங்கள் கை வேலை நல்லபடி முடியட்டும். இருமலுக்கு வெந்நீர் குடியுங்கள்.

உங்கள் வரவுக்காக வாசல் கதவைத் தாழ் போடாமல் இருக்கிற,
உங்கள் மனைவி