கடைசி சைக்கிளின் மணி

28 டிசம்பர், ஞாயிறு

காலை ஐந்து மணிக்குக் கிளம்பி சைக்கிளில் ஒரகடம் வரை போய் வந்தோம். நல்ல பனி. திரும்பி வந்து கடை ஷட்டரைத் தூக்கும்போதே பெயிண்ட் வாங்க இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையிலும் இந்த முடிச்சூரில் யாராவது வீடு கட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

விஷயம் அதுவல்ல. வழியில் டீக்கடையில் கிறிஸ்டினா மேடம் குடியரசு தினப் பயணத்தை அறிவித்தார். அவர் பள்ளியில் பி.டி. டீச்சர், பத்து பேர் உள்ள எங்கள் சைக்கிள் குழுவையும் ஏழாம் வகுப்பை நடத்துகிற மாதிரிதான் நடத்துவார். திருமுக்கூடலில் செய்யாற்றைப் பிடித்து, ஆற்றை ஒட்டியே மேற்கே போய், போளூரிலிருந்து ஜவ்வாது மலை ஏறி, அந்த ஆறு பிறக்கிற இடத்தைப் பார்ப்பது. போன குடியரசு தினத்தில் பாதியில் நின்றுபோன அதே பயணம்.

"லீட் நான். ஸ்வீப் முனிரத்தினம் சார்" என்று என்னைக் காட்டினார்.

ஸ்வீப் என்றால் எல்லாருக்கும் கடைசியாக வருகிறவன். அதன் விதிகளை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம், குழுவுக்கு எழுதிக் கொடுத்ததே நான்தான். கடைசி ஆளை முந்தக் கூடாது. அவசரப்படுத்தக் கூடாது. வளைவுக்கு வளைவு ஒருதரம் மணி அடிக்க வேண்டும். முன்னால் போகிறவர் திரும்பிப் பார்க்காமலே, பின்னால் ஆள் இருக்கிறது என்று தெரிந்துகொள்வார்.

"வேற யாரும் இல்லையா மேடம்?"

"லாசரஸ் சார்தான் உங்களைக் கேட்டார்."

லாசரஸ் அண்ணன் நாலடி தள்ளி நின்று டயரை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

29 டிசம்பர்

எதுக்குக் கேட்டார்?

1 ஜனவரி, வியாழன்

புத்தாண்டு. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மேற்குத் தாம்பரத்தில் லாசரஸ் அண்ணன் வீட்டிலிருந்து கேக் வந்துவிடும், அவர் மனைவி எப்சி அக்கா கையால் செய்தது. இந்தத் தடவை வரவில்லை. சரி, வராவிட்டால் போகட்டும். கேக் இல்லாமல் யாரும் செத்துவிடவில்லை.

போன வருஷம் நடந்ததை ஒழுங்காக எழுதி வைத்துவிடுகிறேன். மலை ஏற்றம். நான் ஸ்வீப். லாசரஸ் அண்ணனுக்கு ஐம்பத்தெட்டு வயசு, ரயில்வே சிக்னலில் வேலை, எப்போதும் அவர்தான் கடைசி. மெதுவாக வந்தார். "நீ போப்பா, நான் வரேன்" என்றார். போனேன். அதன் பிறகு ஒரு வளைவில் சரளைக்கல்லில் சறுக்கி விழுந்தார். இடது தோளெலும்பு உடைந்தது. அங்கே போனில் டவர் கிடையாது. இரண்டு மணி நேரம் கழித்து ஒரு பால் வேன்காரர் பார்த்து ஏற்றிக்கொண்டு வந்தார். பயணம் அங்கேயே நின்றது.

அவரே போகச் சொன்னார் என்று அன்றைக்கே எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். கையைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மறுக்கவில்லையே? அப்புறம் என்ன?

11 ஜனவரி, ஞாயிறு

வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையில் பயிற்சி. பள்ளம் வந்தால் லாசரஸ் அண்ணன் கையை இறக்கிக் காட்டுகிறார். லாரி வந்தால் ஓரம் காட்டுகிறார். வாயைத் திறந்து பேசுவதில்லை. நான் மணி அடித்தால் தோளைக்கூட அசைப்பதில்லை.

அந்த இடது தோள் வலது தோளைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. பின்னால் போகிறவன் கண்ணுக்குத்தான் அது படும். நாற்பது கிலோமீட்டர் அதையே பார்த்துக்கொண்டு போனேன்.

18 ஜனவரி, ஞாயிறு

ஏன் என்னைக் கேட்டார் என்று இன்றைக்குக் கேட்டுவிடுவது என லாசரஸ் அண்ணன் வீட்டுக்குப் போனேன். எப்சி அக்கா கதவைத் திறந்தார்.

"இந்த வாட்டி இவருக்குப் பின்னாடி யார் வராங்க?"

"நான்தான்கா."

"போன வாட்டியும் நீங்கதானே தம்பி."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சாதாரணமாகச் சொல்லிவிட்டு காபி போட உள்ளே போய்விட்டார். லாசரஸ் அண்ணன் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து கடைசியில் நான் கேட்ட கேள்வி: "ஸ்பேர் டியூப் ரெண்டு இருக்காண்ணா?"

"இருக்கு" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சரசுவிடம், எப்சி அக்காவுக்கு இன்னும் மனசு ஆறவில்லை, இத்தனைக்கும் அவரேதான் என்னைப் போகச் சொன்னார் என்றேன். அவள் பட்டாணி உரித்துக்கொண்டே சொன்னாள்: "நான் கேக்கவே இல்லியே. ஒரு வருஷமா கேக்காமயே இத நீ எத்தினி வாட்டி சொல்ட்ட தெரியுமா?"

கட்டியவள் பேசுகிற பேச்சா இது? சாப்பிடாமல் கடைக்குப் போய்விட்டேன். மூன்று மணிக்குப் பசி தாங்கவில்லை. அவளே கொடுத்தனுப்பினாள்.

23 ஜனவரி, வெள்ளி. செய்யாறு

தொண்ணூறு கிலோமீட்டர் ஓட்டியாயிற்று. லாட்ஜில் கட்டில் ஆடுகிறது.

திருமுக்கூடலில் பாலாறு, வேகவதி, செய்யாறு மூன்றும் சேருகிற இடத்தில் இறங்கிக் கால் நனைத்தோம். மணல்தான் அதிகம். தண்ணீர் நடுவில் ஒரு வரிசையாகப் போகிறது, கணுக்கால் அளவு, அப்படி ஒரு தெளிவு. மாகறல் தாண்டியதும் சாலை இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல். கொக்குகள் எங்களைச் சட்டை செய்யவில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஹாரன் கேட்டே மரத்துப்போன காதுக்கு, சைக்கிள் செயின் ஓடுகிற சத்தம்கூடத் தனியாகக் கேட்டது. எங்கள் தாத்தா காலத்தில் முடிச்சூரும் இப்படித்தான் இருந்ததாம். இப்போது அந்த நிலத்தில் வரிசையாக அபார்ட்மெண்ட், எல்லாம் என் கடை பெயிண்ட். எனக்கு வருத்தப்பட உரிமை கிடையாது.

அழகாக இருந்தது. முழுசாக அனுபவிக்க முடியவில்லை. முன்னால் அந்தத் தோள்.

24 ஜனவரி, சனி. போளூர்

ஆரணி வழியாக வந்தோம். சாயங்காலம் சாலைக்குக் குறுக்கே மலை நீலமாக எழுந்து நின்றது. எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். லாசரஸ் அண்ணன் மட்டும் சைக்கிளைப் பிடித்தபடி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கை இடது தோளுக்குப் போனது. அவருக்கே தெரியாமல் போனது என்று நினைக்கிறேன்.

அந்த மனுஷனுக்குப் பயமாக இருக்கிறது.

சரி. எழுதிவிடுகிறேன். இந்த நோட்டில்கூடப் பொய் எழுதினால் வேறு எங்கேதான் உண்மையை எழுதுவது?

அவர் போகச் சொல்லவில்லை. ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் இறங்கித் தள்ள ஆரம்பித்தார், எனக்குக் கால் பரபரத்தது. அந்த ஏற்றத்தை இரண்டு மணி நேரத்துக்குள் முடித்தால் நேரம் பதிகிற சைக்கிள் ஆப்பில் பெயர் மேலே வரும். எழுந்து மிதிச்சேன். அவரத் தாண்டும்போது முகத்தக்கூடப் பாக்கல. ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிஷம். மேல நின்னு செல்ஃபி வேற எடுத்தேன் — சிரிச்சுக்கினு. அந்த நேரத்துல அவர் கீழ கெடந்திருக்கார்.

பால் வேன் வந்து நின்னப்ப எல்லாரும் என்னப் பாத்தாங்க. வாய்ல வந்தது அந்தப் பொய். யோசிச்சுக்கூடச் சொல்லல. அவ்ளோ சுலபமா வந்துச்சு.

அவர் ஏன் மறுக்கல? நாளைக்கு அதே வளைவுல எல்லார் முன்னாடியும் கேக்கப்போறாரோ? கேட்டா கேக்கட்டும்.

25 ஜனவரி, ஞாயிறு. ஜமுனாமரத்தூர்

உடம்பில் வலிக்காத இடம் இல்லை. இன்றைக்கு நடந்ததை ஒன்று விடாமல் எழுத வேண்டும்.

ஏழு மணிக்கு ஏற்றம் தொடங்கியது. அரை மணியில் மற்றவர்கள் கண்ணிலிருந்து மறைந்துவிட்டார்கள். நாங்கள் இரண்டு பேர், மூங்கில் புதர், கீழே பனி மூடிய பள்ளத்தாக்கு. வளைவுக்கு வளைவு மணி அடித்தேன். எட்டரை மணி வாக்கில் அந்த வளைவு வந்தது. மஞ்சள் அடித்த தடுப்புக்கல், அதன் கீழே சரளை. அவர் இறங்கினார். சைக்கிளைச் சாய்த்துவிட்டு அந்தக் கல்லிலேயே உட்கார்ந்தார்.

நான் பத்தடி பின்னால் நின்றேன். தண்ணீர் குடித்தார். பிறகு என்னைப் பார்த்தார் — ஒரு வருஷத்தில் முதல்தடவையாக, நேராக.

"முனி, நீ போப்பா. நான் மெதுவா வரேன்."

அவர் பாட்டிலை மூடிக்கொண்டே சொன்னார்:

"இந்த வாட்டி நெஜமாவே சொல்றேன்."

சைக்கிளைப் படுக்கப் போட்டுவிட்டு ரோட்டிலேயே உட்கார்ந்தேன். அழுதேன். நாற்பத்தைந்து வயசு, மூன்று மாடி வீடு, கடையில் ஐந்து பேருக்கு முதலாளி. மூக்கு ஒழுக அழுதேன்.

"போவலண்ணா."

"சரி, போவாத."

கீழே கிடந்த சரளையைப் பார்த்தபடி அவரே பேசினார். "அன்னிக்கு இங்க கெடந்தப்ப வலிகூடப் பெருசா தெரில. நீ திரும்பி வருவன்னுதான் நெனச்சேன். மணி கேக்கும், மணி கேக்கும்னு காதக் குடுத்துக்கினு கெடந்தேன்."

"எல்லார் கிட்டயும் அன்னிக்கே சொல்லி இருக்கலாமேண்ணா. நான் பொய் சொல்றேன்னு."

"நீயே சொல்லுவன்னு பாத்தேன். ஒரு வருஷம் பாத்தேன்."

"அப்புறம் எதுக்கு என்னையே கேட்டீங்க?"

அவர் சரளையைக் காலால் ஒதுக்கினார். "வேற யார் பின்னாடி வந்தாலும் இந்த எடத்துல எனக்கு பயம் போவாது முனி. நீ நின்னாதான் போவும்."

அரை மணி நேரம் அங்கேயே இருந்தோம். ஒரு ஆரஞ்சைப் பாதி பாதியாகத் தின்றோம். பிறகு அவர் ஏறி மிதித்தார், நான் பின்னால். வளைவே இல்லாத இடத்திலும் மணி அடித்தேன். "டேய், போதும்டா, காது செவிடாவுது" என்றார். டேய் என்று அவர் கூப்பிட்டு ஒரு வருஷம் ஆகிறது.

மலை மேல் சாப்பாட்டு மெஸ்ஸில் எல்லாரும் எங்களுக்காகச் சாப்பிடாமல் காத்திருந்தார்கள். இலை போடுவதற்கு முன்னால் எழுந்து நின்று சொன்னேன். "போன வருஷம் லாசரஸ் அண்ணன் என்னைப் போகச் சொல்லலை. நானா விட்டுட்டுப் போனேன். உங்க எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன்." கிறிஸ்டினா மேடம் முகம் சிவந்துவிட்டது. லாசரஸ் அண்ணன், "சோறு ஆறுது, உக்காருங்கப்பா" என்றார்.

ஆப்பில் இன்றைய நேரம் நாலு மணி நாற்பது நிமிஷம். போன வருஷத்து ஒன்று ஐம்பத்திரண்டை அழித்துவிட்டேன். இது இருக்கட்டும்.

26 ஜனவரி, திங்கள்

ஊர்க்காரர் ஒருவர் காட்டினார், ஆறு இங்கேதான் தொடங்குகிறது என்று. பாறை இடுக்கில் கசிகிற ஈரம், கீழே ஒரு சின்னக் குட்டை. ஒரு குடம் நிரம்பக் கால் மணி நேரமாவது ஆகும். இதுவா திருமுக்கூடல் வரை போகிறது என்று எல்லாரும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டோம். லாசரஸ் அண்ணன் கை நிறைய அள்ளி முகம் கழுவினார். இரண்டு கையாலும்.

வேனில் திரும்பும்போது கிறிஸ்டினா மேடம் சொன்னார்: "மூணு மாசம் குரூப் ரைடுக்கு வராதீங்க சார். விட்டுட்டுப் போனதுக்கு இல்லை. ஒரு வருஷம் அவரை வாயடைச்சு வெச்சதுக்கு." நியாயம்தான். சரசுவிடம் சொன்னேன். "கம்மிதான்" என்றாள்.

15 பிப்ரவரி, ஞாயிறு

மூன்று வாரமாக சைக்கிளைத் தொடவில்லை. வயிறு தனியாக முன்னால் போகிறது. இன்றைக்குக் குழு கோவளம் போகிறது என்று தெரியும், விழித்துக்கொண்டே படுத்திருந்தேன். ஐந்தேகாலுக்கு கேட் தட்டும் சத்தம். லாசரஸ் அண்ணன், ஹெல்மெட்டோடு. கையில் ஒரு டப்பா.

"எப்சி குடுத்தா. கேக்கு."

"குரூப்போட போவலியாண்ணா?"

"வர்லன்னு மேடத்துக்கு போன் பண்ட்டேன். சட்டய மாட்டு, வா."

சும்மா வண்டலூர் வரைக்கும். பெருங்களத்தூர் மேம்பாலத்தில் பாதி ஏற்றம்கூடத் தாண்டவில்லை, எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. இறங்கித் தள்ளினேன். "நீங்க முன்னாடி போங்கண்ணா, நான் வரேன்" என்றேன்.

அவர் பிரேக் பிடித்தார். பின்னால் மணி அடித்தது.