நம்பர் இல்லாத கட்டை

என் மச்சி தனபாலுவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. போன வாரம் உனக்குத் திதி கொடுத்தோம். உனக்குப் பிடிக்கும் என்று வடகறி வைத்துப் படைத்தோம். உன் தங்கை வசந்தா, ஆறு வருஷமாக என் மனைவி, அழுதுகொண்டேதான் அடுப்படி வேலையெல்லாம் செய்தாள். நான் உன் படத்துக்கு முன்னால் நிற்க முடியாமல் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தேன். ஏன் என்று அன்றுவரை யாருக்கும் தெரியாது. இப்போது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். உனக்குத்தான் இன்னும் சொல்லவில்லை.

முதலில் பள்ளிக்கூடத்துச் சேதி. கோபாலபுரத்தில் நாம் படித்த அதே கொட்டகையில்தான் இன்னும் தச்சு வகுப்பு எடுக்கிறேன். பதினோராம் வகுப்புப் பரீட்சையை எடுத்துவிட்டுப் பிளஸ் டூ கொண்டுவந்துவிட்டார்கள். மரம் மட்டும் அதே பழைய பெட்டிப் பலகைதான். எட்டாம் வகுப்புக்கு இந்த வருஷம் சாவி மாட்டுகிற பலகை, ஒன்பதாம் வகுப்புக்குப் புத்தகத் தாங்கி. ஆணியை வளைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறான்கள். கவனம் வேண்டாமா என்று அதட்டுகிறேன். அதட்டுகிற யோக்கியதை எனக்கு ஏது?

நம் செய்முறைப் பரீட்சை ஞாபகம் இருக்கிறதா? மூன்று மணி நேரம். ஆளுக்கு இரண்டு தேக்குத் துண்டு. ஒன்றில் புறா வால் மாதிரி விரிந்த பல் வெட்டி, மற்றதில் அதற்கேற்ற பள்ளம் வெட்டி, ஆணியும் பசையும் இல்லாமல் இரண்டையும் பூட்ட வேண்டும். அவரவர் நம்பரைக் கட்டையின் முனையில், எச்சில் பட்டால் ஊதாவாகிற காப்பியிங் பென்சிலால் அவரவரே எழுத வேண்டும். நீயும் நானும் ஒரே பெஞ்சு.

உனக்கு ஒரு வியாதி உண்டு. சொரசொரப்பாக எதையும் விட மாட்டாய். பூட்டி முடித்த பிறகும் நேரம் இருந்ததால் முனைகளையும் இழைப்புளி போட்டு வழவழப்பாக்கினாய். அந்த இழைப்பில் உன் நம்பர் மரச்சுருளோடு சுருளாகப் போய்விட்டது. நீ பார்க்கவில்லை. மணி அடித்ததும் கட்டையைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டுக் கைகழுவப் போனாய்.

நான் பார்த்தேன். என் கட்டையில் ஒரு பல் பிளந்திருந்தது. இந்தத் தடவை தவறினால் படிப்புக்கு முழுக்கு என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். அது காரணம், சமாதானம் இல்லை. வாசல்வரை ஓடிவந்து, “டேய், நம்பர் போடலடா” என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? பென்சிலை எச்சில் தொட்டு உன் கட்டையில் என் நம்பரை எழுதினேன். என் கட்டையில் இருந்ததை உப்புத்தாளால் தேய்த்தேன். சாயங்காலம்வரை நாக்கு ஊதாவாக இருந்தது. நீகூடக் கேலி செய்தாய்.

பிறகு நடந்தது உனக்கே தெரியும். மற்ற எல்லாக் கட்டைக்கும் நம்பர் இருந்தது. மிஞ்சியது நம்பர் இல்லாத, பல் பிளந்த கட்டை ஒன்று. மிஞ்சிய பெயர் உன்னுடையது. ரிசல்ட் வந்த பேப்பரில் உன் நம்பர் வரவில்லை. பள்ளிக்கூடம் திறந்ததும் பழைய தலைமையாசிரியர் பிரார்த்தனைக் கூட்டத்தில், கவனமில்லாத பையனுக்கு உதாரணமாக உன் பெயரைச் சொன்னார். மார்க் ஷீட் வாங்க வந்த நீ ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். பக்கத்தில் நானும் நின்றேன்.

அன்று மயிலாப்பூருக்கு நடந்தே வந்தோம். ஆழ்வார்பேட்டை தாண்டியதும் நீ கேட்டாய்.

“மச்சி, நான் ஒடச்சனாடா? எனுக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லியே. பல்லு நல்லாத்தானே ஒக்காந்துச்சு?”

“அவசரத்துல ஒடஞ்சிருக்கும்டா. வுடு.”

கட்டையைத் திருடியபோது யோசிக்க எனக்கு நேரமில்லை. இந்த வார்த்தையை யோசித்துத்தான் சொன்னேன், தனபாலு. நீ உன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தாய். என்னை நம்பினாய், உன் கையைச் சந்தேகப்பட்டாய். அக்டோபரில் மறுபடி எழுதலாம் என்று தச்சு வாத்தியார் வீடு தேடி வந்து சொன்னார். நீ போகவில்லை. அதற்குப் பிறகு நீ உளியைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை.

நம் வகுப்பிலேயே நல்ல கை உன் கை. அது ஒரு மரவாடியில் பத்து வருஷம் லாரியிலிருந்து கட்டை இறக்கியது. உன் மார்க்கில் எனக்குப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது, வேலை கிடைத்தது. சர்க்கார் சம்பளம் வாங்குகிற மாப்பிள்ளை என்று உன் தங்கையையும் கொடுத்தீர்கள். கல்யாணத்தன்று நீதான் எனக்கு மாலை எடுத்துக் கொடுத்தாய். எப்படி வாங்கிப் போட்டுக்கொண்டேன் என்று இன்றுவரை புரியவில்லை.

லாரிச் சங்கிலி துருப்பிடித்து அறுந்துதான் கட்டைகள் உன்மேல் உருண்டன என்று உன்னோடு வேலை செய்த இரண்டு பேர் சொன்னார்கள். முதலாளி, அவன் கவனமாக நிற்கவில்லை என்றார். நம் வீட்டில் யாரும் எதிர்த்துக் கேட்கவில்லை. தனபாலு கவனமில்லாதவன் என்பதுதான் ஊருக்கே தெரிந்த விஷயமாயிற்றே.

திதிக்கு வந்த பக்கத்து வீட்டம்மாவிடம் அத்தை அதையே சொல்லிக்கொண்டிருந்தார். “இஸ்கூல்லேர்ந்தே அப்பிடித்தான். கை நல்லாருந்துச்சு, கவனம் இல்ல. அதான் பூட்டான்.” உன்னைப் பெற்றவளே அப்படிச் சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை. வந்தவர்கள் போனதும் அத்தை எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அத்தை சுவரைப் பார்த்துச் சொன்னார்: “தொடப்பத்தால அட்சேன் அவன. நம்பர் போடக்கூட துப்பு இல்லியான்னு கேட்டுக்கினே அட்சேன். கைய வச்சுத் தடுக்கக்கூட இல்ல. நின்னுக்கினே இருந்தான்.”

சொன்னால் மனசு லேசாகும் என்று நினைத்திருந்தேன். எவ்வளவு சுயநலம் பார். என் பாரத்தில் பாதியை உன் அம்மா தலையில் ஏற்றிவிட்டேன். அன்று இரவு அத்தை சாப்பிடவில்லை. வசந்தா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “இத்த அண்ணன் இருந்தப்ப சொல்லிருந்தா இன்னா?” பதிலுக்காக அவள் காத்திருக்கவில்லை. அதற்குப் பிறகு சோற்றை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது அத்தை வாசலில் வந்து நின்றார். மாப்பிள்ளை என்று கூப்பிடவில்லை. “எனுக்கு சொல்லிட்டா ஆச்சா? அவ்ளோ பேரு முன்னாடிதானே எம்புள்ள பேரைச் சொன்னாங்கோ? அங்கியே போய் சொல்லு” என்றார்.

அதனால்தான் இதைக் கடிதமாக எழுதுகிறேன். திங்கட்கிழமை பிரார்த்தனைக் கூட்டத்தில் வாசிக்கப் போகிறேன். இப்போதைய தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே காட்டினேன். இரண்டு தரம் படித்துவிட்டு, “வாசிச்சா நான் மேலிடத்துக்கு எழுதியாகணும். உங்க வேலை போயிடும், தெரியும்ல?” என்றார். தெரியும் சார் என்றேன். வசந்தாவிடமும் அதைச் சொன்னேன். “போய் படி” என்றாள். ஒரு வாரத்தில் அவள் என்னிடம் பேசிய பேச்சு அதுதான்.

கூட்டத்தில் நிற்கப்போகிற பையன்கள் ஒருவருக்கும் உன்னைத் தெரியாது. எதற்கு இவருக்கு இந்த வேலை என்று சிரிக்கலாம். சக வாத்தியார்கள் பாதியிலேயே என் கையைப் பிடித்து இழுக்கலாம். அதனால், மச்சி, உனக்கு இந்த ஒரு வாக்கு கொடுக்கிறேன். ‘நீ போய் ஒரு வருஷம்’ என்று ஆரம்பிக்க மாட்டேன். மேடையேறி, காகிதத்தைப் பிரிப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவேன்: தனபால் செய்த பல் உடையவில்லை. உடைத்தவன் நான்.

உன் தங்கையைக் கட்டிய,
உன் மச்சான்
கன்னியப்பன்