மேசைக்கே ஆகாது

ஜூன் 2

அன்புள்ள அத்தைக்கு,

பூச்சி எழுதுகிறேன். வீட்டில் எல்லாரும் நலம். நான் மட்டும் அவ்வளவு நலமில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. கூடத்தில் இருக்கிற தொலைபேசிக்கு அம்மா, அப்பா, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஆறு காதுகள் இருப்பதால் கடிதம் எழுதுகிறேன். படித்துவிட்டு யாரிடமும் சொல்ல வேண்டாம்.

அக்கா கல்யாணத்துக்கு உங்களுக்கு விடுமுறை கிடைக்காதது எனக்கு வருத்தம். வந்திருந்தால் என் பக்கம் ஓர் ஆளாவது இருந்திருக்கும். இங்கே எல்லாரும் அவர் பக்கம்தான். "மாப்பிள்ளை எவ்ளோ பணிவு!", "மாப்பிள்ளைக்குச் சமைக்கவே தெரியுமாம்!" அவர் தண்ணீர் குடித்தால்கூட ஆகா என்கிறார்கள். அவரை அத்தான் என்று நான் இன்னும் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. "வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமாடி?" என்று அம்மா கேட்கிறாள். "உதிர்ந்தா நீயே பொறுக்கிக்கோ" என்றேன். அதற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அக்காவும் நானும் வெளியே சாப்பிடப் போனால் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கு நினைவிருக்கலாம். அவள் ஒன்று வாங்குவாள், நான் வேறொன்று வாங்குவேன். சரியாகப் பாதி ஆனதும் ஒரு வார்த்தை பேசாமல் தட்டை மாற்றிக்கொள்வோம். கல்யாண விருந்தில் நான் எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பாதி ஆனதும் கை தானாக நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். அக்கா தன் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் பார்க்கவே இல்லை. மிச்சப் பாதி எனக்கு இறங்கவில்லை.

இப்போது எங்கள் அறை முழுக்க எனக்கே. அவள் கட்டிலில் அம்மா மடித்த துணிகளை அடுக்குகிறாள். அக்காவுக்கு இரண்டு அலமாரித் தட்டுகளும் எனக்கு ஒன்றும் என்று எத்தனை சண்டை போட்டிருப்பேன்! இப்போது மூன்றும் என்னுடையவை. என் புத்தகங்களை மூன்றிலும் பரப்பிப் பார்த்தேன். நன்றாகவே இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் இருவரும் தேன்நிலவுக்கு உங்கள் தீவுக்குத்தான் வருகிறார்கள். என் பரிசாக நீங்கள் வேலை பார்க்கிற உணவகத்தில் ஓர் இரவு விருந்து கொடுக்க முடியுமா? என்ன, எப்படி என்று நானே தேர்ந்தெடுக்க வேண்டும். அக்காவுக்கு என்ன பிடிக்கும் என்று அவரைவிட எனக்குத்தான் தெரியும்.

அன்புடன்,
உங்கள் பூச்சி

*

ஜூன் 9

என் செல்லப் பூச்சிக்கு,

கடிதம் படகில் வந்து சேர்ந்தது, ஒரு மூலை கடல்நீரில் நனைந்து. நல்லவேளை, மாப்பிள்ளையை நீ திட்டிய இடம் நனையவில்லை. ரசித்துப் படித்தேன்.

விருந்து என் பொறுப்பு. இங்கே வேலை பார்க்கிற ஒவ்வொருவருக்கும் வருஷத்துக்கு ஒரு மேசை உண்டு, குடும்பத்துக்காக. நான் ஒரு வருஷம்கூட எடுத்ததில்லை. யார் வந்தார்கள், எடுப்பதற்கு? உன் அப்பா இருக்கிறானே, என் அருமைத் தம்பி, கல்யாணமான நாளிலிருந்து எனக்கு ஒரு வரி எழுதியதில்லை. "அக்கா எப்படி இருக்காங்கன்னு கேட்டேன்னு எழுது" என்று உன் அம்மாவிடம் சொல்லி அனுப்புவான். அவனுக்கென்ன கை சுளுக்கா? ஆகவே பூச்சி, உன் வயிற்றெரிச்சல் எனக்குப் புரியாது என்று நினைக்காதே. அதில் நான் உனக்கு மூத்தவள்.

இப்போது நீ தேர்ந்தெடு. மணலில் போட்ட மேசைகள் இருக்கின்றன. விளக்கு, அலை, நிலா எல்லாம் கண்முன் இருக்கும், காற்று பலமாக வீசினால் சோற்றில் மணலும் இருக்கும். மாடியில் சில மேசைகள். அப்புறம் சமையலறைக் கதவோரம் ஒன்று. அதை யாரும் கேட்டு வாங்குவதில்லை. போகிற வருகிற தட்டெல்லாம் தலைக்கு மேலே பறக்கும்.

சாப்பாட்டில் பேர்போனவை மூன்று: வெண்ணெயில் வாட்டிய இறால், அடுப்பில் சுட்ட கோழி, நீளத் தட்டில் வைத்துத் தருகிற முழு மீன்.

ஒன்று மறக்காமல் எழுது. வருகிறவர்களில் யாருக்காவது ஆகாதது ஏதும் உண்டா? முகப்பில் உட்கார்ந்து யாருக்கு எந்த மேசை என்று எழுதுகிற நான் யார் வந்தாலும் முதலில் கேட்கிற கேள்வி அதுதான். சொந்தத் தம்பி மகளையும் கேட்டாக வேண்டும்.

உன் பக்கத்து ஆள்,
அத்தை

*

ஜூன் 14

அன்புள்ள அத்தை,

நீங்கள் என் பக்கம் என்று எழுதியதை மூன்று முறை படித்தேன்.

ஆகாதது பற்றிக் கேட்டீர்கள். அவருக்கு இறால் ஆகாது. எனக்கு அவர் ஆகாது. இரண்டில் முதலாவதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். ஓர் இறால் உள்ளே போனால் முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிடுமாம். பெண் பார்க்க வந்த அன்று அம்மா ஆசையாகச் செய்து வைத்திருந்ததை அப்படியே திரும்ப எடுத்துப் போனாள்.

என் தேர்வு இதுதான். அக்காவுக்கு வெண்ணெயில் வாட்டிய இறால். இறால் என்றால் அவளுக்கு உயிர். வாலைக்கூட விடமாட்டாள். அவருக்குக் கோழி. மேசை, சமையலறைக் கதவோரம். மணல் மேசை வேண்டவே வேண்டாம். அக்காவுக்குச் சளி பிடிக்கும்.

உங்களிடம் மறைப்பானேன்? அவள் தட்டில் இறால் இருந்தால் அவர் தட்டை மாற்றிக்கொள்ள முடியாது. துண்டு வைத்தாள், சரி, போகட்டும். தட்டை மாற்றுவது என்னுடையது. பொறாமை என்ற சொல் 'பொறு' என்பதிலிருந்து வருகிறது என்று எங்கள் தமிழாசிரியை சொன்னார். பொறுக்க மாட்டாமைதான் பொறாமையாம். அவர் கரும்பலகையில் எழுதியபோது வகுப்பு முழுக்க எழுதிக்கொண்டது. நான் எழுதவில்லை. எனக்கு அது மனப்பாடமாகவே இருந்தது.

அன்புடன்,
பூச்சி

*

ஜூன் 20

கெட்டிக்காரி பூச்சிக்கு,

உன் திட்டத்தைப் படித்துவிட்டு முகப்பில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். வந்த விருந்தாளி ஒருவர் தன் சட்டையில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று தடவிப் பார்த்துக்கொண்டார்.

ஆனால் நடக்காது, கண்ணே. இங்கே ஒரு சட்டம். ஒருத்தருக்கு ஆகாது என்றால் அது மேசைக்கே ஆகாது. ஒரே வாணலி, ஒரே கரண்டி, ஒரே ஆள் பரிமாறுகிறான். பக்கத்துத் தட்டிலிருந்து ஒரு சொட்டு வெண்ணெய் தெறித்தால் போதும். அதனால் அந்த மேசைக்கு இறால் போகாது. நான் கெஞ்சினாலும் சமையல்காரர் கரண்டியைத்தான் காட்டுவார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். உன் அக்கா போன வாரம் எனக்குப் போன் செய்தாள், தீவுக்கு வருகிறோம் என்று சொல்ல. பழக்க தோஷத்தில் நான் கேட்டுவிட்டேன், "ஏதாவது ஆகாதது உண்டாம்மா?" என்று. "எங்க ரெண்டு பேருக்கும் இறால் வேண்டாம் அத்தை" என்றாள். "அடியே, உனக்குமா?" என்றேன். "வீட்லயே வாங்கறதில்ல அத்தை. பழகிடுச்சு" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் ஒரு மாதிரி இருந்தது.

வேறு ஏதாவது தேர்ந்தெடுத்து உடனே எழுது. விருந்துக்கு முன்னால் இன்னும் ஒரு தபால் படகுதான் வரும்.

அத்தை

*

ஜூன் 25

அத்தைக்கு,

பழகிவிட்டதாம். கல்யாணமாகி இன்னும் வாசலில் பந்தல் போட்ட குழிகூட மூடவில்லை.

நேற்று அம்மா இறால் வாங்கி வந்தாள். "நீயாவது சாப்பிடு" என்றாள். வால் வரை சாப்பிட்டேன், அக்காவுக்கும் சேர்த்து. அழுகை வந்தது. காரம் என்று சொன்னேன். "நான் மொளகாவே போடலயே" என்றாள் அம்மா.

சின்ன வயதில் அம்மா திட்டினால்கூட இறாலை விட்டுக்கொடுக்காதவள், அத்தை. எனக்காக எதையாவது அப்படி விட்டிருக்கிறாளா என்று இரவெல்லாம் யோசித்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. நான் கேட்டதும் இல்லை. அவரும் கேட்டிருக்க மாட்டார் என்றுதான் தோன்றுகிறது. அதுதான் இன்னும் எரிகிறது.

சரி. நான் நன்றாக யோசித்துவிட்டேன். அந்த முழு மீனையே கொடுங்கள். நீளத் தட்டு ஒன்றே ஒன்றுதானே வரும்? இரண்டு தட்டுகள் இருந்தால்தானே மாற்றிக்கொள்ள முடியும்! இதை ஏன் முதலிலேயே யோசிக்கவில்லை என்று என் மேலேயே கோபம் வருகிறது.

கதவோர மேசைதான். நீங்கள் முகப்பிலிருந்து பார்த்து எனக்கு ஒன்று விடாமல் எழுத வேண்டும். நல்லதாக இருந்தாலும் எழுதுங்கள்.

பூச்சி

*

ஜூலை 6

அடி அசட்டுப் பூச்சி,

உன் கடிதம் விருந்தன்று மாலைதான் கைக்குக் கிடைத்தது. படித்ததும் தலையில் கைவைத்துக்கொண்டேன். தட்டை மாற்றக் கூடாது என்று இரண்டு பேரையும் ஒரே தட்டில் சாப்பிட வைத்துவிட்டாயே! அந்த நீளத் தட்டுக்கு இங்கே பணியாட்கள் வைத்திருக்கிற பெயரே 'ஜோடித் தட்டு'. புதுசாகக் கல்யாணமானவர்கள் தேடி வந்து கேட்பது அதைத்தான். எல்லாப் புத்தகமும் படிக்கிறாய், இது தெரியவில்லை பார்.

மாற்ற நேரமில்லை. மாற்ற எனக்கு மனமும் இல்லை. கொடுத்துவிட்டேன்.

"உன் தங்கச்சியோட பரிசு" என்று சொன்னதும் உன் அக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே! "அவளா? எனக்கு ஒரு வரி எழுதல, போன் பண்ணா குளிக்கறேங்கறா! அப்படி எத்தனை தடவதான் குளிக்கும் ஒரு பொண்ணு?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மீன் வந்தது. மேல்பக்கத்தை இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். அது முடிந்ததும் பரிமாறுகிறவன் வந்து நடுமுள்ளைத் தூக்கிவிட்டுக் கீழ்ப்பக்கத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும். அவன் கரண்டியை நீட்டினான். உன் அக்கா, "கொஞ்சம் இருங்க" என்றாள். அவன் முள்ளைப் பிடித்தபடியே நின்றான். அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஒன்றும் புரியாமல் பக்கத்தில் போனேன். மாப்பிள்ளைதான் சொன்னார்.

"பயப்படாதீங்க அத்தை, மீன் நல்லாத்தான் இருக்கு. வீட்லயும் இப்படித்தான். பாதி ஆனதும் இவ கை நின்னுடும். மொதல்ல என் சமையல்தான் சகிக்கலன்னு நெனச்சு ரெண்டு வாரம் உப்பக் கூட்டிக் கொறைச்சுப் பார்த்தேன். அப்புறம்தான் தட்டு மாத்தற கதையச் சொன்னா. 'அப்போ எங்கிட்ட மாத்திக்கயேன்'னேன். 'அது அவ எடம்'னுட்டா, மூஞ்சில அடிச்ச மாதிரி."

"மூஞ்சில அடிக்கல. மெதுவாத்தான் சொன்னேன்" என்றாள் அவள்.

"பொண்டாட்டி தங்கச்சி மேல பொறாமைப்படற மொத ஆள் நானாத்தான் இருப்பேன்" என்றார் அவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால், பூச்சி, நீயும் நானும் அந்தச் சரக்கில் கைதேர்ந்தவர்கள். பாதி நிஜம்.

பிறகு உன் அக்கா ஒரு நாற்காலியை இழுத்தாள். "அத்தை, இந்தப் பக்கம் அவ பங்கு. அவ சார்பா நீங்க உக்காருங்க" என்றாள். இத்தனை வருஷத்தில் நான் எத்தனை பேரை உட்கார வைத்திருப்பேன்! இங்கே ஒரு மேசையில் நான் உட்கார்ந்ததே இல்லை. மேலாளர் தூணோரம் நின்று முறைத்தார். "இது என் மேசைதான் சார், வருஷத்துக்கு ஒண்ணு" என்றேன். உட்கார்ந்தேன். உன் பாதி மீனை முள்ளோடு முள்ளாகச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

நீ கேட்டபடி ஒன்று விடாமல் எழுதிவிட்டேன்.

வயிறு நிறைந்த
அத்தை

*

ஜூலை 15

அன்புள்ள அத்தை,

என் பாதியை நீங்கள் சாப்பிட்டுவிட்டீர்கள்! இப்போது உங்கள் மேலும் எனக்குக் கொஞ்சம் எரிச்சல். ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். அக்கா கொஞ்சம் கறுத்திருக்கிறாள். அவர் மூக்கு வெயிலில் தோலுரிந்திருக்கிறது. அது எனக்குப் பிடித்திருந்தது.

அம்மா காலையிலேயே இறால் வாங்கி வைத்திருந்தாள். "ஒனக்கும் அக்காவுக்கும் தனியா பண்ணிடறேன். பாவம், எத்தன நாளாச்சு அவ சாப்பிட்டு. மாப்பிள்ளைக்குக் கோழி" என்றாள். இறாலைப் பார்த்ததும் அக்காவின் கண் ஒரு கணம் அதிலேயே நின்றதை நான் பார்த்தேன். பழகவில்லை, அத்தை. உங்களிடம் பொய் சொல்லியிருக்கிறாள்.

நான் பாத்திரத்தை எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "என்னடி இது?" என்றாள்.

"ஒருத்தருக்கு ஆகாதுன்னா மேசைக்கே ஆகாதும்மா" என்றேன்.

"இது எந்த ஊருச் சட்டம்?"

"அத்தை ஊரு."

அக்கா என் பின்னலைப் பிடித்து ஓர் இழு இழுத்தாள், பழைய மாதிரி வலிக்கும்படி.

எல்லார் தட்டிலும் ஒரே கோழிதான். மாற்றுவதில் ஒரு பொருளும் இல்லை. ஆனாலும் பாதி ஆனதும் அக்கா நிறுத்தினாள், நானும் நிறுத்தினேன். தட்டுகள் மாறின. ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தேன். அவர் கையும் நின்றிருந்தது. தட்டின் விளிம்பைப் பிடித்து லேசாக நகர்த்தினார். பிறகு தண்ணீர் குடிக்கப் போகிறவர் மாதிரி டம்ளரை எடுத்துக்கொண்டார். கல்யாண விருந்தில் நான் எப்படி இருந்திருப்பேன் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அத்தான், ஒங்க தட்ட இப்படித் தள்ளுங்க" என்றேன். மூன்று தட்டுகள் என்றால் மாற்ற முடியாது. சுற்றத்தான் விட வேண்டும். அவருடையது எனக்கு, என் கையிலிருந்தது அக்காவுக்கு, அக்காவிடம் இருந்தது அவருக்கு.

அம்மா முத்து பொறுக்குகிற மாதிரி தரையைத் தடவினாள். நான் கவனிக்காதது போல இருந்துவிட்டேன்.

உறையின் மேலே இருக்கும் கையெழுத்து என்னுடையது இல்லை. "எங்க அக்கா முகவரிய நானே எழுதறேன், குடு" என்று அப்பா வாங்கிக்கொண்டார். எழுதி முடித்த பிறகும் பேனாவை மூடாமல் வெகுநேரம் வைத்திருந்தார். அடுத்த உறைக்குள்ளேயும் ஏதாவது இருக்கலாம்.

அன்புடன்,
பூச்சி

பி.கு: அத்தான் தட்டில் எனக்கு வந்தது கழுத்தெலும்பு மட்டும். நல்ல துண்டையெல்லாம் முதல் பாதியிலேயே முடித்திருக்கிறார். பாதி என்றால் என்னவென்று அவருக்கு இனிமேல்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.