இரட்டைத் தீனி

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல மூடி இருக்கு. சாவி மீட்டர் பெட்டிக்கு மேல.

மீன் தொட்டி வாங்கி மூணே வாரம், அதுக்குள்ள கண்ணாடி பூரா பழுப்புப் பாசி. மீன் கடைக்காரர்கிட்ட போன்ல கேட்டேன். புது உப்புத்தண்ணித் தொட்டியில பாசி கொஞ்சம் வரத்தான் செய்யும், இவ்வளவு வராது, தீனி மிஞ்சுதான்னு கேட்டார். காலையில ஒரு சிட்டிகைதான்னு சொன்னேன். அப்புறம் டப்பாவைத் திறந்தா, ரெண்டு மாசத்துக்கு வரவேண்டியது பாதிக்கு மேல காலி.

நீங்க வேலையை விட்டதை மறைச்சது தெரிஞ்ச நாள்லேர்ந்து நாம பேசிக்கறதில்லை. நான் போட்டது உங்களுக்குத் தெரியல, நீங்க போட்டது எனக்குத் தெரியல. மீனுக்கு மட்டும் தினமும் விருந்து.

கோபமான்னு கேட்டா, இல்லை. ஒண்ணுமே தோணல.

லைட்டை ஆறு மணி நேரத்துக்கு மேல எரிய விடாதீங்க. பாசி தின்கிற நத்தை நாலு, கடைக்காரர் சாயங்காலம் கொண்டுவருவார். கதவைத் திறங்க.

பி.கு. தண்ணி வத்தினா வடிகட்டின நல்ல தண்ணி ஊத்துங்க. உப்பு அப்படியேதான் இருக்கும், அது ஆவியாப் போகாது.

இன்னைக்குத் தீனி நான் போட்டாச்சு. நாளைலேர்ந்து நீங்க போடுங்க. போட்டதும் வாயைத் திறந்து என்கிட்ட சொல்லுங்க. மீனுக்காகவாவது.