மலைச் சாலைக்கு ஒரு கேம் ஷாஃப்ட்

காலையிலிருந்து மழை. கரண்டும் இல்லை. ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் ஊற்றும்போது கை தவறி விரல்களில் வழிந்துவிட்டது. சோப்புப் போட்டுக் கழுவியும் வாசனை போகவில்லை. அப்படியே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். என்ஜின் சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவிக் கழுவி உங்கள் கைகளில் எப்போதும் இருந்த வாசனை அது. நீங்கள் போன பிறகு வரும் இரண்டாவது மழைக்காலம் இது. உங்களைப் பற்றிப் பேச இந்த ஊரில் எனக்கு ஆள் இல்லை. அதனால் உங்களிடமே பேசுகிறேன்.

அப்பா இறந்து அவருடைய கார் என் கைக்கு வந்தபோதுதான் உங்களைத் தெரியவந்தது. எங்கள் மலைப் பள்ளியில் பிசிக்ஸ் சொல்லிக்கொடுத்த அமெரிக்கர், ஊருக்குத் திரும்பும்போது தன் டிரைவரான அப்பாவுக்கு அந்தக் காரைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நீண்ட மூக்கு, இரண்டே கதவு, எட்டு சிலிண்டர், இடது பக்கம் ஸ்டீயரிங். பள்ளி ஆபீஸில் டைப் அடிக்கும் ஒரு பெண்ணுக்கு இவ்வளவு பெரிய கார் எதற்கு என்று எல்லோரும் கேட்டார்கள். விற்றுவிடச் சொன்னார்கள். அப்பா எனக்கு ஓட்டக் கற்றுத்தந்த கார் அது. விற்க மனம் வரவில்லை.

மலை ஏறும்போது என்ஜினில் டக்டக்கென்று சத்தம், கார்புரேட்டரில் தும்மல். மூஞ்சிக்கல்லில் சிலோனிலிருந்து வந்த மெக்கானிக் ஒருவர் ஷெட் போட்டிருக்கிறார் என்றார்கள். கொண்டுவந்து நிறுத்தினேன். நீங்கள் பானெட்டைத் திறக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் சத்தத்தைக் கேட்டீர்கள். "கேம் ஷாஃப்ட் தேஞ்சு போச்சு மிஸ். இப்பிடியே ஓட்ட ஏலாது" என்றீர்கள்.

அமெரிக்கர் விட்டுப்போன மரப்பெட்டியில் இரண்டு புது கேம் ஷாஃப்ட்கள் இருந்தன. எண்ணெய்க் காகிதத்தைப் பிரித்துச் சாக்கின் மேல் அருகருகே வைத்தீர்கள். என் கண்ணுக்கு இரண்டும் ஒரே இரும்புத் தண்டுதான். என்ஜினுக்குள் காற்றும் பெட்ரோலும் போக வால்வுகளைத் திறந்து மூடும், தண்டின் மேலிருந்த மேடுகளை விரலால் தடவிப் பார்க்கச் சொன்னீர்கள். ஒன்றில் மேடு அடக்கமாக இருந்தது. இன்னொன்றில் உயரமாக, அகலமாக. பெரியது பந்தயக் காருக்கு உள்ளது என்றீர்கள். வால்வு அதிகம் திறக்கும், நெடுநேரம் திறந்திருக்கும், நேர் ரோட்டில் பறக்கும். அதைச் சொல்லும்போது உங்கள் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"இதப் போடுவமா மிஸ்? மதுர தாண்டிட்டா மண்டபம் வரைக்கும் நேர் ரோடுதான்."

மண்டபத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். அன்றுதான் சொன்னீர்கள். சிலோன் தேயிலைத் தோட்டத்தில் எல்லோரையும் இந்தியாவுக்கு அனுப்பப் பத்திரம் எழுதியபோது உங்களுடையது முதலில் வந்துவிட்டது. மனைவியுடையது ஏதோ ஒரு ஆபீஸ் மேசையில் நின்றுபோனது. நீங்கள் கப்பல் ஏறியபோது கைக்குழந்தையாக இருந்த மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். என்றைக்காவது அவர்கள் வந்து இறங்கினால், கப்பலில் வருகிறவர்களை வைக்கும் மண்டபம் முகாமில் ஒரு இரவுகூடக் கிடக்க விடாமல் கூட்டிவர வேண்டும். அந்தக் காரை முதன்முதலில் பார்த்தபோதே மனதுக்குள் கேட்டுவிட்டீர்களாம்: "இந்த மிஸ் வாடகைக்குத் தருவாங்களா?"

வாடகை வேண்டாம், நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன் என்றேன். பெரிய கேமையே போட்டீர்கள்.

என்ன சத்தம் அது! நின்ற இடத்திலேயே கார் குலுங்கியது. தெருவே வந்து பார்த்தது. நீங்கள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். மலையடிவாரத்து வத்தலக்குண்டு வரை இறங்கிப் பார்த்தோம். சமவெளியில் நீங்கள் சொன்னதுபோலவே பறந்தது. திரும்பி ஏறும்போதுதான் வினை. மெதுவாகப் போகும்போது என்ஜினில் இழுவையே இல்லை. ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ். நிறுத்தப் பார்த்தேன். பிரேக் பெடல் கல்லாக இறுகிக் கிடந்தது. ஏறி மிதித்தேன். என்ஜின் இரண்டு குலுக்குக் குலுக்கி அணைந்தது. கார் பின்னால் உருளத் தொடங்கியது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துக்கொண்டே நான் கத்த, நீங்கள் கதவைத் திறந்து குதித்து, பெரிய கல்லொன்றைப் புரட்டிப் பின்சக்கரத்துக்கு அடை கொடுத்தீர்கள். சக்கரத்துக்குப் பின்னால் தடுப்புச்சுவர். அதற்கும் பின்னால் வெறும் மேகம்.

பஸ் போய்விட்டது. இருவரும் சாலையோரம் உட்கார்ந்தோம்.

"நான் மண்டபம் ரோட்ட மட்டும் நெனச்சிட்டேன் மிஸ்."

"மண்டபம் போறது சரிங்க. அவங்கள ஏத்திக்கிட்டு இந்த மலை மேல வரணும்ல?"

தலையைக் குனிந்துகொண்டீர்கள்.

மறு ஞாயிறு கோயிலில் பூசை முடிந்து ஷெட்டுக்கு வந்தேன். பெரியதைக் கழற்றியிருந்தீர்கள்; இரண்டு தண்டுகளும் மறுபடி சாக்கின் மேல் இருந்தன. இந்த முறை நீங்கள் எடுத்ததும் விளக்கவில்லை. கேட்டீர்கள். வளைவில் எந்த கியரில் வருவேன்? பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்துபோகும்போது கால் எதில் இருக்கும்? பனிமூட்டத்தில் எவ்வளவு மெதுவாகப் போவேன்? நான் செகண்டு கியரிலேயே நெடுந்தூரம் ஏறுவேன் என்றேன். வேகம் வேண்டாம், அணையக் கூடாது, மிதித்தால் பிரேக் பிடிக்க வேண்டும் என்றேன். வால்வு நெடுநேரம் திறந்திருந்தால் மெதுவான ஓட்டத்தில் என்ஜினின் உறிஞ்சும் பலம் குறைந்துவிடும், பிரேக்குக்கு உதவுவது அந்தப் பலம்தான் என்று நீங்கள் சொன்னபோது, பெடல் ஏன் இறுகியது என்று எனக்குப் புரிந்தது. அப்புறம் எங்கெங்கோ பேச்சு போனது. உங்கள் மகளுக்கு வண்டியில் வாந்தி வருமோ என்று கவலைப்பட்டீர்கள். குலுங்காமல் ஓட்டுகிறேன் என்றேன். சாயங்காலம் சின்னதைக் கையில் எடுத்தீர்கள்.

"இது போதும் மிஸ். இதுதான் நம்ம ரோட்டுக்கு."

அதற்குப் பிறகு அந்தக் கார் நின்ற இடத்தில் குலுங்காமல் ஓடியது, மெதுவாகப் போகும்போதே நன்றாக இழுத்தது. மலைக்கு உள்ளே இருக்கும் பூண்டிக்குப் போய் கேரட் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வந்து பார்த்தோம். ஆபீஸில் என் பின்னால் பேச்சு எழுந்தது. "சிலோன்காரனோட என்ன சோலி இவளுக்கு?" என் காதில் விழும்படியே சொன்னார்கள். நான் டைப் அடித்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் வந்து இறங்குவதாகத் தந்தி வந்த மறுநாள் வெள்ளனே கிளம்பினோம். பரமக்குடி தாண்டியதும் பேச்சை நிறுத்திவிட்டீர்கள். முகாம் வாசலில் இறங்கி நின்று சட்டையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டீர்கள்.

"சரியான பயமா இருக்கு மிஸ். என்னைய அடையாளம் தெரியுமா அவங்களுக்கு?"

"தெரியும்ங்க. போங்க, வெரசா போங்க."

தலையில் தகரப்பெட்டியோடு வந்த ஒரு பெண் உங்களைக் கண்டதும் பெட்டியை அப்படியே மணலில் போட்டுவிட்டாள். மகள் அவள் சேலைக்குள் ஒளிந்துகொண்டாள். நான் திரும்பி நின்று காரின் கண்ணாடியைத் துடைத்தேன். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

திரும்பும்போது நீங்கள் மூவரும் பின்சீட்டில். முன்னால் என் பக்கத்து இருக்கையில் தகரப்பெட்டி. மலை ஏறத் தொடங்கியதும் மூட்டம் இறங்கிவிட்டது. லாரி ஒன்றின் பின்னால் செகண்டு கியரில் ஊர்ந்தோம். அந்த வளைவில் நிறுத்தவேண்டி வந்தது. பிரேக் பிடித்தது. என்ஜின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். உங்கள் மனைவி உங்கள் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார், மகள் உங்கள் மடியில். நீங்கள் விழித்திருந்தீர்கள். என்ஜின் சத்தத்தைக் கேட்கிறீர்கள் என்று நினைத்தேன். இல்லை, மகளின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்துச் சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

பிறகு மகளுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று வத்தலக்குண்டில் லாரிப் பட்டறைக்குப் போனீர்கள். அது சரியான முடிவு. பொங்கலுக்கு வந்தீர்கள், அப்புறம் கிறிஸ்துமஸுக்கு. அப்புறம் நேரில் வரவில்லை, பஸ்ஸில் வருகிறவர்களிடம் நலம் சொல்லி அனுப்பினீர்கள்.

நெஞ்சுவலியில் நீங்கள் போன செய்தியை பஸ் கண்டக்டர்தான் ஆபீஸில் வந்து சொன்னார். தனியாக இறங்கி வந்தேன். உங்கள் வீட்டு முற்றத்தில் பெண்கள் அண்ணா என்றும் மாமா என்றும் சொல்லி அழுதுகொண்டிருந்தார்கள். எனக்கு அப்படிச் சொல்லி அழ ஒரு சொல் இல்லை. ஓரமாக நின்றேன். உங்கள் மனைவி தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "எங்கள மலைக்குக் கூட்டியாந்த மிஸ்" என்று பக்கத்துப் பெண்ணிடம் சொல்லி, என் கையைப் பிடித்துத் தன் அருகில் உட்காரவைத்துக்கொண்டார். அங்கேதான் அழுதேன்.

அப்பாவை எங்கே அடக்கம் செய்வது, வந்த சம்பந்தத்துக்கு என்ன பதில் சொல்வது, ஒழுகும் கூரையை இந்த வருஷம் மாற்றுவதா அடுத்த வருஷமா, எல்லாவற்றையும் நான் தனியாகத்தான் முடிவு செய்திருக்கிறேன். இனியும் அப்படித்தான். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க, இரண்டு இரும்புத் தண்டுகளை நடுவில் வைத்துக்கொண்டு, இன்னொருவரோடு சேர்ந்து யோசித்தேன். நான் சொன்னதை நீங்கள் கேட்டீர்கள். நீங்கள் சொன்னதை நான் கேட்டேன். கடைசியில் அது யாருடைய முடிவு என்று பிரிக்க முடியாமல் போயிற்று. சேர்ந்து முடிவெடுப்பது என்றால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு மதியத்தால் தெரியும்.