கனுவுக்கு முன் வந்த லாபக் கணக்கு

ஜன. 12, திங்கள்
மூடுபனி. மாடியில் காயப்போட்டது எல்லாம் ஈரம். வாங்க: கரும்பு, வெல்லம், முந்திரி. கேஸ் புக் பண்ண.

ஐப்பசியில் நான் பங்கை விற்றுத் தொலைத்த பட்டுக் கம்பெனியின் அக்.-டிச. கணக்கு வந்துவிட்டது. எதிர்பார்த்ததைவிட லாபம் மிக அதிகமாம். பங்கு எகிறுகிறது. இதில் எதிர்பாராதது என்ன? தீபாவளியும் கல்யாண முகூர்த்தமும் வருஷா வருஷம் அந்த மூன்று மாதத்தில்தானே. ஆடி, புரட்டாசியில் வியாபாரம் படுக்கும். அந்தக் கணக்கைப் பார்த்துக் கம்பெனியே மூழ்கிவிட்டதாகப் புலம்புவார்கள். தையில் வாயைப் பிளப்பார்கள்.

இதைத்தான் அன்று அண்ணாவிடம் சொன்னேன். தி. நகரில் பங்குத் தரகு ஆபீசில் பெரிய வேலை அவனுக்கு. "புடவைக் கடைக் கூட்டத்தைப் பாத்துட்டுப் பேசாதே. இந்தத் தடவை ஏறாது, வித்துடு" என்றான். விற்றேன். என் பெண் உமாவின் மேல்படிப்புக்கென்று வைத்திருந்தது.

பாவம், அவன் கணிப்பும் தப்பியிருக்கிறது. வருத்தப்படுவான். நாளை பேச வேண்டும்.

ஜன. 13, செவ்வாய்
நல்ல வெயில். மிக்ஸி ரிப்பேர்.

அண்ணாவின் போனை எடுத்தது மன்னி. ஒரே உற்சாகம். "உனக்குத் தெரியாதா? நீ வித்த அன்னிக்கே அவர் அதை வாங்கிப் போட்டாரே. இப்போ அடையாறுல ஃப்ளாட் பாத்துண்டிருக்கோம்."

சந்தோஷம் என்றேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

ஜன. 14, போகி
தெருவெல்லாம் புகை. கண் எரிச்சல்.

அண்ணாவே கூப்பிட்டான். நான் பயந்த சுபாவமாம், விலை இறங்கினால் தாங்க மாட்டேனாம், அதனால்தான் விற்கச் சொன்னானாம்.

"அப்போ நீ ஏன் வாங்கினே?"

"வருஷா வருஷம் ஏறறதுதானே" என்றான்.

என் வார்த்தை. என்னிடமே.

கனுவன்று சாப்பிட வரச் சொன்னான். போனை வைத்துவிட்டேன்.

ஜன. 15, பொங்கல்
பொங்கல் குழைந்துவிட்டது. உமா எந்தக் காலேஜுக்கு அப்ளை பண்ணலாம் என்று கேட்டாள். அப்புறம் பேசலாம் என்றேன். இவர், விட்டுத் தள்ளு என்கிறார். இவருக்கென்ன, ஏமாற்றியது இவர் அண்ணாவா?

ஜன. 16, கனு
குளிர். குளிக்கும் முன் மொட்டை மாடி. மஞ்சள் இலையில் மஞ்சள் சாதம், சிவப்பு சாதம், தயிர் சாதம். கூடப்பிறந்தவன் நன்றாக இருக்க வேண்டும் என்று காக்காய்க்கு வைப்பது. எனக்கு இருப்பது அவன் ஒருத்தன்.

"மாமாவுக்கும் வெக்கணுமாம்மா?" என்றாள் உமா.

எல்லாப் பிடி சாதமும் வைத்தேன். வேண்டிக்கொள்ளவில்லை.